ஏழாம் நம்பர் கிணறு

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க சார், எந்திரிக்க வேண்டாம். எனக்கு வெளிய பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. இந்தப் பாலத்துல நான் பாக்காத எடம் கெடையாது. முன்னாடி ஒரு நெல்லு லாரி டயர் வெடிச்சு நிக்குதாம், கண்டக்டர் சொல்றாரு. அரை மணி நேரம் ஆவும்னு வச்சுக்குங்க. பரவால்ல, முகூர்த்தம் ஒம்பதுலேருந்து பத்தரை. இப்ப எட்டே காலுதான ஆவுது.

கல்யாணத்துக்குத்தான் போறேன். தங்கச்சி மக கல்யாணம். பையில இருக்கறது பட்டுப்பொடவை, மேல வாழ எலையில சுத்தியிருக்கறது மாலை. நான் தாய்மாமன் சார். பொண்ண மேடைக்குக் கூட்டிட்டு வர வேண்டியவன், மாலை எடுத்துக் குடுக்க வேண்டியவன். பத்திரிகை எப்படி வந்துச்சு தெரியுமா? கூரியர்ல. வாசல்ல ஒருத்தன் ஹெல்மெட்டோட நின்னு கையெழுத்துப் போடச் சொல்றான். தாய்மாமனுக்குத் தட்டுல பழம் வெத்தலை வச்சு, புருசனும் பொண்டாட்டியும் வந்து கும்புட்டுக் குடுக்கணும். பிரிச்சுப் பாத்தா உள்ள என் பேரும் இல்ல. தங்கச்சி புருசனோட சித்தப்பா மகன் பேரு இருக்கு, துபாய்ல இருக்கான், அவன் பேரு இருக்கு. தாய்மாமன் தங்கையன் பேரு இல்ல. நான் என்ன பண்ணிட்டேன்? கேளுங்க, நீங்களே சொல்லுங்க.

இப்ப நாம எங்க நிக்கறோம்னு சொல்லவா? பஸ்ஸு பாலத்துல ஏறுனதுலேருந்து டடக் டடக்குன்னு குலுங்குச்சுல்ல? ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு தூணு தாண்டுறோம். ஏழு குலுங்கி நின்னுருச்சு. அப்ப நமக்கு நேர் கீழ ஏழாம் நம்பர். எனக்கு அது ஒரு பழக்கம் சார், எது ஆடுனாலும் குலுங்குனாலும் மனசு பாட்டுக்கு எண்ணிரும். கலவை மெஷின் எத்தன சுத்து சுத்துச்சுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முப்பது வருசம் மேஸ்திரி வேலை.

ஆமா, இந்தப் பாலத்துலதான் வேலை பாத்தேன். பாக்கறவங்க தூணப் பாத்துட்டு பாலம்னு நெனச்சுக்கறாங்க. பாலம் கீழ இருக்கு சார். கொள்ளிடத்துல பாறை கெடையாது, தோண்டத் தோண்ட மணலுதான். அதனால ஒவ்வொரு தூணுக்கும் அடியில ஒரு கான்கிரீட்டுக் கிணறு எறக்கணும். எட்டு மீட்டர் அகலம், வட்டம், சுவரே நாலடி கனம். தோண்டிட்டு கட்டுற கிணறு இல்ல இது. மணலு மேல கட்டிட்டு, அதுக்கு உள்ளாற கிராப்புன்னு ஒரு இரும்பு வாய எறக்கி மண்ண அள்ளி வெளிய கொட்டணும். அள்ள அள்ள அதோட கனத்துக்கு அதுவே எறங்கும். எட்டடி எறங்குனா மேல இன்னொரு எட்டடி ஊத்தணும். திரும்ப அள்ளணும். அப்படியே தொண்ணூறு அடி. ஒம்பது மாடி வீடு ஒண்ணு மண்ணுக்குள்ள பொதைஞ்சு நிக்குதுன்னு வச்சுக்குங்க. அது மாதிரி முப்பத்திரெண்டு. அதுக்கு மேலதான் நீங்க உக்காந்து போன் பாத்துட்டு இருக்கீங்க.

ஏழாம் நம்பர் மட்டும் ஆரம்பத்துலேருந்தே எனக்கு ஆவாது. அறுவது அடி நல்லா எறங்குச்சு. அப்புறம் கெழக்க சாஞ்சுது. கெழக்குப் பக்கம் எட்டு இஞ்ச் தாழ்ந்துபோச்சு, மேக்குப் பக்கம் எதுலயோ மாட்டி நிக்குது. அடியில இரும்பு விளிம்பு ஒண்ணு இருக்கும், மண்ண அறுத்துட்டுப் போறதுக்கு. அந்த விளிம்புக்குக் கீழ மேக்கால என்னமோ இருக்கு. கல்லோ மரமோ.

அப்ப எங்களுக்கு எஞ்சினியரு ஜெஸிந்தா மேடம். நாகர்கோயில் பக்கம். சின்ன வயசு, முப்பது இருக்கும். நல்ல அம்மாதான், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா புத்தகத்த வச்சுப் பேசும். என்னைக் கூப்புட்டு சொல்லுச்சு, மேஸ்திரி, அடுத்த எட்டடிய சாஞ்ச வாக்குலயே ஊத்துங்க, தூக்குக்குண்டு போடாதீங்க, கெணறு முழுக்க ஒரே கோட்டுல இருக்கணும், கீழ நிமிந்தா மேல தன்னால நிமிரும்னு. எங்கிட்ட, சார். நூல்ல கட்டித் தொங்கவிட்டு நேரு பாக்கறதுக்கு எங்கப்பா காலத்துப் பித்தளைக் குண்டு எங்கிட்ட இருக்கு. அதப் போடாம நான் ஒரு செங்கல்லு வச்சதில்ல. சாச்சு ஊத்துறதாம். கோணலாக் கட்டுறதுக்கு ஒரு மேஸ்திரியா?

சரின்னுதான் தலையாட்டுனேன். கான்கிரீட்டு ஊத்துறதுக்கான ஷட்டர் பலகையும் சாச்சுத்தான் நிறுத்துனேன். ஆத்துல நடந்து போறவன் எல்லாம் நின்னு பாக்கறான். டீக்கடையில ஒருத்தன் கேக்கறான், என்ன மேஸ்திரி, உங்க கெணறு நேத்து ராத்திரி தண்ணி போட்டுருச்சா, நிக்க மாட்டேங்குதேன்னு. எல்லாரும் சிரிக்கறாங்க. உத்ராபதியும் சிரிச்சான். உத்ராபதி யாருன்னா என் தங்கச்சி செங்கமலம் புருசன், இப்ப கல்யாணம் ஆவுற பொண்ணோட அப்பன். எங்க சைட்டுல, கெணத்துக்குள்ள ஊறி நிக்கற தண்ணியில முங்கி அடியப் பாக்கற ஆளு. அவன் சிரிச்சது எனக்கு என்னமோ பண்ணுச்சு.

சனிக்கெழம மேடத்தோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிருச்சு. ஞாயித்துக்கெழம நான் குண்டப் போட்டேன். ஷட்டரப் பிரிச்சு நேரா நிறுத்துனேன். நாலு பக்கமும் குண்டு தொங்குது, மயிரிழை விலகல. ஊத்தி முடிச்சப்ப, சொல்லக் கூடாது சார், கண்ணுல தண்ணி வந்துருச்சு, அவ்வளவு நேர்த்தி. பழசும் புதுசும் சேர்ற எடத்துல கொஞ்சம் முழங்கை மாதிரி தெரிஞ்சுது. பூசி விட்டுட்டேன். அது மறைக்கறதுக்கு இல்ல, அழகுக்கு.

செவ்வாக்கெழம மேடம் வந்துச்சு. லெவல் மெஷின வச்சுப் பாக்குது, நாலு பக்கமும் ஒண்ணா இருக்கு. அது முகத்துல ஒரு சந்தோசம். நிமிந்துருச்சா மேஸ்திரின்னு கேட்டுச்சு. நிமிந்துருச்சு மேடம்னேன். வெள்ளிக்கெழம மேக்கால கிராப்பு நல்லா அள்ளுச்சு, அதுல நிமிந்துருக்கும்னேன். பொய் இல்ல. மேல நிமிந்துதான இருந்துச்சு? அடியப் பத்தி அது கேக்கல.

அதுக்கப்புறம் நாலடி எறங்குச்சு. நான் பூசுன எடமும் மண்ணுக்குள்ள போயிருச்சு. அதோட நின்னுபோச்சு. ஒரு வாரம் அள்ளுறோம், அசைய மாட்டேங்குது. மேல சுத்திச் சமமா மண்ணு மூட்டைய அடுக்குனோம், ஆயிரம் மூட்டை, ஒண்ணும் ஆவல. நேரா இருக்கற கெணறு ஏன் எறங்க மாட்டேங்குதுன்னு மேடம் ராப்பகலா கணக்குப் போடுது. எனக்குத் தெரியும், அது கீழ இன்னமும் கெழக்க சாஞ்சுதான் நிக்குது, மேக்கால விளிம்பு எது மேலயோ தொத்திக்கிட்டு இருக்குன்னு. தெரியும்னா, நிச்சயமாத் தெரியாது. ஒரு நெனப்பு.

அந்த நேரம் பாத்து மேட்டூர் ரொம்பிருச்சு. உபரித் தண்ணிய கொள்ளிடத்துல விடப் போறாங்க, கரையோரம் யாரும் இருக்க வேண்டாம்னு ஆட்டோவுல மைக்கு கட்டி ரெண்டு கரையிலயும் சொல்லிட்டுப் போறான். ஒண்ணரை நாள், மிஞ்சுனா ரெண்டு நாள், தண்ணி இங்க வந்துரும். நாங்க ஆத்து நடுவுல மணலக் கொட்டித் திட்டு போட்டு அது மேல கிரேனு, வடத்தச் சுத்தி இழுக்கற வின்ச்சு எல்லாம் நிறுத்தியிருக்கோம். திட்டு ஒரு மணி நேரம் தாங்காது. அரையும் கொறையுமா நிக்கற கெணத்த வெள்ளம் தள்ளுச்சுன்னா கவுந்துரும். அப்புறம் அத எடுக்கவும் முடியாது, அங்க வேற எறக்கவும் முடியாது, பாலத்தோட கணக்கே மாறிப்போவும். இன்னும் பத்தடி எறங்குனா நின்னுக்கும். பத்தே அடி.

மேடம் சொல்லுச்சு, அடியில என்ன இருக்குன்னு ஆளு எறங்கித் தடவிப் பாத்தாத்தான் உண்டுன்னு. உத்ராபதி காலையிலயே ரெடி. அவனுக்கு முங்கக் கத்துக் குடுத்தவரு கீழக்கரைப் பக்கம், சங்கு எடுத்தவரு. அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு சார், முங்குறவன் இடுப்புக் கயித்த மேல புடிக்கறவன் அவன் பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோதான் இருக்கணும். பணம் குடுத்து வச்ச ஆளு அசந்துருவான், கூடப் பொறந்தவ தாலி கையில இருக்கறவன் அசர மாட்டான்னு ஒரு நம்பிக்கை. அதனால உத்ராபதி எங்க முங்குனாலும் நான் இருக்கற எடத்துலதான் முங்குவான். கலவை ஓடிட்டு இருந்தாலும் போட்டுட்டு வந்து நான்தான் கயித்தப் புடிக்கணும். ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா கயிறு விடு. மூணு இழுத்தா தூக்கு.

அவன் தலையில இரும்புக் கூண்டு மாட்டி, காத்து பைப்பு போட்டு, உள்ளாற எறங்குனான். பத்துப் பதினஞ்சு அடி போயிருப்பான், திரும்ப வந்துட்டான். கூண்டோட கண்ணாடியத் தொறந்துட்டு சொன்னான், மச்சான், சுவத்தத் தடவிட்டே போறேன், ஒரு எடத்துல முழங்கை மாதிரி மடங்குதே, என்ன அதுன்னு. மேடம் அந்தாண்ட கம்ப்ரஸர்கிட்ட நிக்குது. நான் சொன்னேன், ஷட்டரு கொஞ்சம் வீங்கியிருக்கும் மாப்ள, நீ போன்னு. சரின்னான். நான் சொன்னா அவனுக்குச் சரி. அவன் கண்ணாடிய மூடப் போறப்ப எனக்கு மனசு கேக்கல. கிட்டப் போயிச் சொன்னேன்.

"மாப்ள, மேக்கால பக்கம் கையை விடாத. கெழக்கால இருந்துக்க."

"ஏன் மச்சான்?"

"சும்மாதான். சொல்றேன்ல."

அவன் சிரிச்சான். டீக்கடையில சிரிச்ச மாதிரி இல்ல, வேற மாதிரி. கெழக்கேயே இருக்கேன் மச்சான், உங்க தங்கச்சிக்கு என்னை முழுசா ஒப்படைச்சுருங்கன்னு சொல்லிட்டுப் போனான். பாருங்க சார், நான் எச்சரிக்கை பண்ணியிருக்கேன். யாருமே இத எடுத்துப் பேசறதில்ல.

மணி பதினொண்ணு இருக்கும். கயிறு அறுவது அடிக்கு மேல போயிருச்சு. ஒரு இழுப்பு வந்துச்சு, நல்லா இருக்கான். திரும்ப ஒண்ணு. அப்புறம் கெணறு பேசுச்சு. அப்படித்தான் சொல்லணும், அடியிலேருந்து ஒரு சத்தம், மரம் முறியற மாதிரி. காலுக்குக் கீழ மொத்தக் கெணறும் எறங்குச்சு. மேக்கால ஒரு அரை அடி, கெழக்கால ரெண்டு இஞ்ச். உள்ள தண்ணி குபுகுபுன்னு கலங்கி மேல வருது. மேல அடுக்குன மூட்டை நாலஞ்சு உருண்டு விழுந்துச்சு.

மூணு இழுப்பு வந்துச்சு. தூக்குனேன், வரல. கூட ரெண்டு பேரு புடிச்சாங்க, வரல. எங்கயோ மாட்டிருக்கான். காத்து பைப்பு நல்லா இருக்கு, குமிழி வருது, உசுரு இருக்கு.

நான் ஒடனே சொல்லிட்டேன் சார். இத நல்லாக் கேட்டுக்குங்க, ஊருல வேற மாதிரி பேசறாங்க. நான் ஒடனே சொல்லிட்டேன்.

மேடம் ஓடி வந்து கேட்டுச்சு, மேஸ்திரி, அவரு எந்தப் பக்கம் இருக்காருன்னு. தெரியல மேடம், கயிறு நேரா எறங்குது, தண்ணி கலங்கலா இருக்குன்னேன். அது உண்மைதான, தண்ணி கலங்கலாத்தான் இருந்துச்சு. அது லெவல் மெஷினுக்கு ஓடுச்சு. ஒருத்தன் அளவுகோல நாலு பக்கமும் மாத்தி மாத்திப் புடிக்கறான், அது பாக்குது. மேக்கால நாலு இஞ்ச் தாழ்ந்துருக்குன்னு சத்தம் போட்டுச்சு. மேல அப்படித்தான் சார் காட்டும். நான் நேரா ஊத்துனதுலேருந்து அது பொய்க் கணக்குதான சொல்லிக்கிட்டு இருந்துச்சு. கீழ எட்டு இஞ்ச் கெழக்க சாஞ்சிருந்தது, மேக்க எறங்குனதுல நாலா ஆயிருக்கு, அவ்வளவுதான். கெணறு இன்னமும் கெழக்கதான் சாஞ்சு நிக்குது. கெழக்கு விளிம்புலதான் பாரம் பூரா. ஆனா மேல நின்னு பாக்கறவங்களுக்கு அது மேக்க சாஞ்ச கெணறு.

மேடம் யோசிச்சது சரிதான், அது மேல தப்பு இல்ல. மேக்க எறங்கியிருக்கு, அப்ப ஆளு மேக்கு விளிம்புக்கு அடியில மாட்டியிருக்காரு, வின்ச்சக் கட்டி கெழக்க இழுத்தா மேக்கால தூக்கும், ஆளு வெளிய வந்துருவாருன்னு சொல்லுச்சு. வின்ச்சு ஆப்பரேட்டரு ஓடுனான். கம்பி வடம் மேக்குத் திட்டுல கெடந்துச்சு, அதக் கழட்டிக் கெழக்கால கொண்டுவந்து கெணத்து வாயில மாட்டணும். ஏழெட்டுப் பேரு தோள்ல போட்டு இழுத்துட்டு வர்றாங்க.

எனக்குத் தெரியும் அவன் கெழக்க இருக்கான்னு. நான்தான அங்க இருக்கச் சொன்னேன். கெழக்க இழுத்தா ஆயிரக்கணக்கான டன்னு அவன் மேல ஒக்காரும். மேக்க இழுக்கணும்.

மூணு இழுப்பு. திரும்ப மூணு. கயிறு என் உள்ளங்கையில இப்படி, ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன். நீங்க யோசிச்சுப் பாருங்க. நான் சொன்னா அடுத்த கேள்வி என்ன? எப்படித் தெரியும்னு கேப்பாங்க. ஏன் கெழக்க இருக்கச் சொன்னன்னு கேப்பாங்க. நாப்பது பேரு நிக்கறாங்க, பாதிப்பேரு எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க. டீக்கடைக்காரன் வேற கரையிலேருந்து ஓடி வந்து நிக்கறான். நான் கோணலா ஊத்தியிருந்தா இது நடந்துருக்காது, நேரா ஊத்துனதாலதான் நடந்துச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? அவனே தன்னால வெளிய வந்துருவான்னு நெனச்சேன். முங்குற ஆளு, இத மாதிரி எத்தனையோ பாத்தவன். ரெண்டு நிமிசம் பொறுத்துப் பாப்போம்னு நெனச்சேன்.

வடத்த மாட்டிட்டாங்க. வின்ச்சு சுத்த ஆரம்பிச்சுது. தொங்குன வடம் மேல எழும்பி நேராவுது. மூணு இழுப்பு வந்துச்சு. இந்தத் தடவை மூணோட விடல, வெட்டி வெட்டி இழுக்கறான், நிக்கவே இல்ல. வடம் விறைச்சு கிர்ருனு ஒரு சத்தம் போட்டுச்சு, கெணறு ஒரு நூலு அசைஞ்சுது. அப்ப கயிறு சும்மா ஆயிருச்சு சார். ஒண்ணுமே இல்ல. அதுதான் என்னைப் போட்டு உலுக்கிருச்சு.

"நிறுத்து! கெழக்க இருக்கான். மேக்க இழுங்க."

மேடம் திரும்பிப் பாத்துச்சு. எப்படித் தெரியும்னு கேக்கல. என் முகத்தையும் கெணத்தையும் ஒரு தடவை பாத்துச்சு. மெதுவாக் கேட்டுச்சு.

"குண்டு போட்டு ஊத்துனீங்களா மேஸ்திரி?"

நான் ஆமான்னேன். வடத்தக் கழட்டு, மேக்க கொண்டுபோன்னு கத்திட்டே அதுவும் ஒரு பக்கம் தோள் குடுத்து இழுத்துச்சு. கெழக்குப் பக்கத்து மூட்டைய எல்லாம் உருட்டித் தள்ளச் சொல்லுச்சு. மேக்க இழுத்தோம். கெழக்கால விளிம்பு தூக்குச்சு. கயிறு லேசாச்சு, நாங்க தூக்குனோம். உசுரோட வந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழ இல்ல, இருந்தும் இல்லாத மாதிரி இருந்துச்சு. திருச்சிக்குக் கொண்டுபோயி எடுத்துட்டாங்க.

அடியில ஒரு பழைய மருத மரம் சார், முழு மரம், எந்தக் காலத்து வெள்ளத்துல வந்து பொதைஞ்சுதோ. அத வேற ஆளு எறங்கி அறுத்தான். கெணறு மறுநா மத்தியானம் கடகடன்னு எறங்குச்சு, பதினோரு அடி. நாங்க கிரேன கரையேத்துன கொஞ்ச நேரத்துல தண்ணி வந்துருச்சு. கரையில நின்னு எல்லாரும் பாத்துட்டு இருந்தோம். ரெண்டு ஆள் ஒசரத்துக்குச் செம்மண் தண்ணி மோதுது, ஏழாம் நம்பரு அசையல. அன்னிக்கு நின்னது, பதினஞ்சு வருசமா நிக்குது. அந்த மடங்கு இப்பவும் உள்ளாற இருக்கு. இந்த பஸ்ஸு, அந்த நெல்லு லாரி எல்லாத்தையும் தாங்கிட்டு இருக்கு.

விசாரணை வந்துச்சு. மேடம் எழுதிக் குடுத்துருச்சு, லெவல் பாத்ததுல தவறு, மேற்பார்வை என் பொறுப்புன்னு. நான் எழுதச் சொல்லல சார். எங்கிட்ட கேட்டாங்க, கயிறு இழுத்ததும் என்ன செஞ்சீங்கன்னு. ஒரு தடவை இழுத்தான், ஒடனே சொல்லிட்டேன்னேன். எழுதிக்கிட்டாங்க. மேடத்த வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பாலம் தொறந்தப்ப அதுவும் வரல, என்னையும் கூப்புடல. கல்வெட்டுல யாரு யாரு பேரெல்லாமோ இருக்கு, கெணத்துப் பக்கமே வராதவன் பேரெல்லாம் இருக்கு.

ஆஸ்பத்திரியில செங்கமலம் கட்டிலு பக்கத்துல உக்காந்துருந்தா. அழுவல. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அண்ணே, கயிறு எத்தன தடவை ஆடுச்சு?"

அந்த நேரத்துல எவன் எண்ணிட்டு இருப்பான் ஆத்தான்னேன். அதோட சரி. நான் எண்ணலன்னு சொன்னேன். அன்னியிலேருந்து அவ எங்கிட்ட பேசறதில்ல. தீபாவளிக்குப் போவேன், காப்பி வச்சுட்டு உள்ள போயிருவா. அவன் இடது கையால டம்ளர எடுத்து நீட்டுவான், குடிங்க மச்சான்னு. அவன் நல்லவன். நான் மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா அவன் செத்துருப்பான், அது அவனுக்குத் தெரியும். உசுரக் காப்பாத்துனவன் நான். பத்திரிகையில பேரு இல்லன்னா எனக்கு எப்படி இருக்கும்?

என்ன சார், லாரிய ஓரங்கட்டிட்டாங்களா? ஆமா, வண்டி நகருது. நல்லதாப் போச்சு.

போன் பண்ணுனான், போன வியாழக்கெழம. உத்ராபதிதான். மச்சான், கூரியர்ல அனுப்புனதுக்கு மன்னிச்சுக்குங்க, அவ நேர்ல வர மாட்டேன்னுட்டான்னான். அப்புறம் அவன் பேசுனான், சார், ஒரு வார்த்தை விடாம எனக்கு மனப்பாடமா இருக்கு. "மாலை எடுத்துக் குடுக்கற எடத்துல வேற யாரையும் நிறுத்தல, உங்களுக்காக காலியாத்தான் இருக்கு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி செங்கமலத்துகிட்ட எத்தன தடவைன்னு மட்டும் சொல்லிட்டு ஏறுங்க. எனக்குத் தெரியும், இழுத்தவன் நான். உங்களுக்குத் தெரியுமான்னுதான் அவ பதினஞ்சு வருசமாக் கேக்கறா."

எண்ணலன்னு சொன்னா என்ன, தெரியலன்னு சொன்னா என்ன. தண்ணி வேகத்துல கயிறு தன்னால ஆடும், அது எது, இவன் இழுத்தது எதுன்னு யாரு கண்டா? அப்படிச் சொல்லிக்கலாம்னு வீட்டுலேருந்தே நெனச்சுட்டு வர்றேன். நல்லா இருக்குல்ல? கேட்டா நம்புவாங்கல்ல? நீங்க நம்புறீங்கல்ல?

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க.

பதினாலு. மூணு மூணா பதினாலு தடவை. முதல் தடவை தூக்கிப் பாத்தேன், அது ஒண்ணு, அத விட்டுருங்க. மேடம் எந்தப் பக்கம்னு கேட்டப்ப ரெண்டு. லெவல் பாக்கறப்ப மூணு. வடத்த இந்தாண்ட இழுத்துட்டு வர்றப்ப அஞ்சு, ஒரு தடவை கொஞ்சம் எடைவெளி விட்டு இழுத்தான், களைச்சிருப்பான். மாட்டுறப்ப ரெண்டு. வின்ச்சு சுத்துனப்ப கடைசி ஒண்ணு, அதுதான் நிக்காம இழுத்தான். எண்ணாம எப்படி சார் இருக்க முடியும், என் கையில இல்ல ஆடுச்சு.

இதான் ஸ்டாப்பு. அந்தா, பச்சைப் பந்தல் தெரியுது பாருங்க, வாழ மரம் கட்டியிருக்குல்ல, அந்த மண்டபந்தான். வாசல்ல வெள்ளைச் சட்டையில நின்னு கும்புடு போடறான் பாருங்க, ஒத்தக் கையில. அவன்தான் உத்ராபதி. பஸ்ஸத்தான் பாக்கறான்.

இல்ல கண்டக்டர், இங்க யாரும் எறங்கல, நீங்க விசில் குடுங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்துக்கறேன் சார். மணி ஒம்பது ஆவல இன்னும். ரெண்டு நிமிசம்தான, என்ன ஆயிரப் போவுது.